ஜீனோ சொன்னானா, சொன்னதா?

இது சற்று நீளமான பதிவு. ஆய்வேட்டின் மூன்றாம் இயலை எழுதியிருக்க வேண்டிய இரவுகளில் பழைய பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்ததன் விளைவு. திராவிட மொழிகளில் எழுவாய்க்கும் வினைமுற்றுக்கும் உள்ள இயைபுதான் என் ஆய்வுப்பொருள் என்பதால், அந்த இரவுகள் முற்றிலும் வீணாகவில்லை என்று என் நெறியாளருக்கு இதன்வழி தெரிவித்துக்கொள்கிறேன்.

விடுதியில் என் அறைத்தோழி 'டாக்டர் ஹூ' தொடரின் தீவிர ரசிகை. 1963 நவம்பர் 23ஆம் நாள் பிபிசியில் தொடங்கிய தொடர் அது. அண்மைக்காலப் பகுதிகளைப் பலரும் பார்த்திருப்பார்கள். இவளுக்குப் பிடித்தவையோ அட்டைச் சுவர்களும் மலிவான அரங்கப் பொருள்களும் நிறைந்த எழுபதுகளின் கதைகள். அவள் வற்புறுத்தலால் 1977இல் ஒளிபரப்பான 'தி இன்விசிபிள் எனிமி' என்னும் கதையைப் பார்த்தேன். அதில்தான் கே-நைன் முதன்முதலாக வருகிறது. கே-நைன் ஓர் இயந்திர நாய். தகரப் பெட்டி ஒன்றுக்கு அடியில் சக்கரமும் தலையில் சுழலும் காதுகளும் பொருத்தியது போன்ற உருவம். ஜான் லீசனின் மூக்கடைத்த குரலில் 'அஃபர்மேட்டிவ், மாஸ்டர்' என்று அது பணிவாகச் சொல்லும்போதெல்லாம், எசமானைவிடத் தனக்கு அதிகம் தெரியும் என்ற தொனியும் கூடவே ஒலிக்கும். என்னையறியாமல், "அட, நம்ம ஜீனோ!" என்று கத்திவிட்டேன்.

தோழி மலையாளி. ஜீனோவை அவளுக்குத் தெரியாது. அவளுக்கு விளக்க முற்பட்டபோதுதான் இந்தப் பதிவுக்கான சிக்கல் தொடங்கியது.

தமிழில் படிப்பவர்களுக்கு ஜீனோவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆயினும் இளநிலை மாணவர்கள் சிலரும் என் பதிவுகளைப் படிப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 'என் இனிய இயந்திரா' சுஜாதா எழுதி 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த அறிவியல் புனைவு. அதன் தொடர்ச்சி 'மீண்டும் ஜீனோ'. கதை 2020களின் தொடக்கத்தில் நடக்கிறது. அதாவது அந்த எதிர்காலம் நமக்கு இறந்தகாலம் ஆகிவிட்டது. குழந்தை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டிய நாடு அது. நாட்டை ஆள்பவர் ஜீவா. நிலா என்னும் பெண்ணின் கணவன் காணாமற்போகிறான். அவள் வீட்டுக்கு ரவி என்பவன் தன் இயந்திர நாயோடு வந்து சேர்கிறான். அந்த நாய்தான் ஜீனோ. புத்தகம் படிக்கும், கிண்டலடிக்கும், நிலாவுக்காகத் திட்டம் தீட்டும். கதையிலேயே தெளிவாகச் சிந்திக்கிற பாத்திரம் அதுதான்.

இதை எழுதிய காலத்தில் சுஜாதா இதே பெங்களூரில், பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்குகொண்டவர். ஜாலஹள்ளிப் பக்கம் பேருந்தில் போகும்போது அந்த நிறுவனத்தின் சுற்றுச்சுவரைப் பார்த்தால், பகலில் தேர்தல் இயந்திரத்தையும் இரவில் சர்வாதிகார நாட்டையும் ஒரே ஆள் யோசித்துக்கொண்டிருந்த விநோதம் எனக்கு நினைவுக்கு வரும்.

நான் ஜீனோவைச் சந்தித்தது பத்து வயதில், திருமங்கலத்தில் பாட்டி வீட்டுப் பரணில் இருந்த பைண்டுப் புத்தகத்தில். விகடனிலிருந்து வாராவாரம் பிரித்தெடுத்துத் தைத்தது. நடுவில் இரண்டு அத்தியாயங்களைக் காணோம். அந்த இடைவெளியை நானே கற்பனையில் நிரப்பிக்கொண்டேன். பின்னாளில் முழு நூலைப் படித்தபோது என் கற்பனை அத்தியாயங்களே மேல் என்று தோன்றியது வேறு விஷயம். அம்மா ஜீனோவைச் சந்தித்த வழி வேறு. 1990களின் தொடக்கத்தில் தூர்தர்ஷன் இந்தக் கதையைத் தொடராக ஒளிபரப்பியது. ஆனந்தும் சிவரஞ்சனியும் நடித்தார்கள். அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அம்மா, பக்கத்து வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். நூலை இன்றுவரை படித்ததில்லை.

கே-நைனைப் பார்த்த மறுநாள் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, "ஜீனோ ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்லாம? என்ன அறிவாப் பேசுவான்!"

"பேசும்னு சொல்லும்மா."

"ஏண்டி, நான் பாத்திருக்கேன். பேசுவான்."

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அம்மாவுக்கு ஜீனோ 'அவன்'. இருபது ஆண்டுகளாக எனக்கு ஜீனோ 'அது'. ஒரே நாய், ஒரே வீடு, இரண்டு திணை. இதற்கான காரணம் எங்கள் இருவரின் மனப்போக்கில் இல்லை. எந்த ஊடகத்தில் சந்தித்தோம் என்பதில் இருக்கிறது. தொலைக்காட்சியில் கதைசொல்லி கிடையாது. ஜீனோ பேசும், மற்றவர்கள் கேட்பார்கள், அவ்வளவுதான். பேச்சு முடிந்தபின் 'என்றது' என்று யாரும் வந்து சொல்வதில்லை. அம்மா கேட்டது ஒரு குரலை மட்டுமே. அந்தக் குரலுக்கு எந்தத் திணை என்பதை அவரே முடிவுசெய்துகொண்டார். நூலிலோ ஒவ்வொரு உரையாடலுக்குப் பின்னும் சுஜாதா வந்து முடிவுசெய்கிறார். ரவி என்றான், நிலா என்றாள், ஜீனோ என்றது. பத்து வயதுப் பிள்ளை அதை நூற்றுக்கணக்கான முறை படித்தால் வேறெப்படி நினைக்கும்?

ஆங்கிலத்தில் இந்தச் சங்கடம் இல்லை. கே-நைனை 'ஹீ' என்றோ 'இட்' என்றோ குறிக்க வேண்டிய இடங்கள் உண்டு. ஆனால் பெயரைச் சொல்லி 'செட் கே-நைன்' என்று எழுதிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம். வினைச்சொல் வாய்திறக்காது. தமிழில் பெயரைச் சொன்னாலும் வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும். தமிழில் ஒரு இயந்திரத்தைப் பற்றிக் கதை எழுதுபவர், அது ஆளா பொருளா என்ற கேள்விக்கு வாக்கியந்தோறும் விடை எழுதியாக வேண்டும். தள்ளிப்போட வழியில்லை.

இதை விடுதி உணவுக்கூடத்தில் சொன்னபோது மேசையே மொழியியல் வகுப்பாகிவிட்டது. பெங்களூரில் ஆய்வு செய்வதன் பெரிய வசதி, நான்கு திராவிட மொழிகளின் தாய்மொழியாளர்கள் ஒரே சாம்பார் வாளியைச் சுற்றிக் கிடைப்பார்கள். கன்னடத் தோழிக்கு என் சிக்கல் உடனே விளங்கியது. அவன் என்றால் ஹேளிதனு, அவள் என்றால் ஹேளிதளு, நாய் என்றால் ஹேளித்து, நம் கணக்கேதான். தெலுங்குக்காரர் சிரித்தார். அவன் சொன்னால் செப்பாடு. அவள் சொன்னாலும் அது சொன்னாலும் செப்பிந்தி. ஒருமையில் பெண்ணும் பொருளும் ஒரே விகுதியில் அடங்கும் மொழி அது. அங்கே ஜீனோவைப் பெண்நாய் என்று வைத்துக்கொண்டால் சிக்கலே எழாது. ஆனால் அந்தத் தீர்வு வேறொரு சிக்கலை நினைவூட்டும். இந்தி பேசுபவர், தம் மொழியில் அஃறிணை விகுதியே இல்லை, ரோபோ ஆணாகவோ பெண்ணாகவோ இருந்தே தீர வேண்டும் என்றார். கடைசியில் என் அறைத்தோழி, மலையாளத்தின் 'பறஞ்ஞு' யார் சொன்னாலும் ஒன்றுதான் என்று அறிவித்துவிட்டு அப்பளத்தை எடுத்துக்கொண்டாள். இயைபு விகுதிகளை மலையாளம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே உதிர்த்துவிட்டது. இயந்திர யுகத்துக்கு அது முன்பே தயாராக இருந்தது என்பது அவள் கட்சி.

தப்பித்தல் அவ்வளவு நல்லதா என்று எனக்கு ஐயம். 'டாக்டர் ஹூ'விலேயே சைபர்மேன்கள் என்றொரு கூட்டம் உண்டு. 1966இல் கிட் பெட்லர், ஜெர்ரி டேவிஸ் ஆகியோரின் கற்பனையில் பிறந்தவர்கள். பெட்லர் ஒரு மருத்துவ ஆய்வாளர். மனிதர்கள் தங்கள் உறுப்புகளை ஒவ்வொன்றாக இயந்திரப் பாகங்களால் மாற்றிக்கொண்டே போய், முடிவில் உணர்ச்சியையும் நீக்கிவிட்டால் மிஞ்சுவது எது என்பதே அந்தக் கற்பனையின் கரு. இதற்குத் தமிழ்த் துணைத்தலைப்பு எழுதிப் பார்த்தேன், பயிற்சிக்காக. நான்காவது வரியிலேயே நின்றுவிட்டேன். 'வந்தார்கள்' என்பதா, 'வந்தன' என்பதா? எந்த உறுப்பை மாற்றும்போது 'ஆர்' உதிர்ந்து 'அன' ஒட்டும்? கையா, கண்ணா, இதயமா? ஆங்கிலம் இந்தக் கேள்வியை ஒரு கதை முழுவதும் ஒத்திவைத்துச் சுவை கூட்டலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் முதல் வினைமுற்றிலேயே கதையின் முடிவைச் சொல்லிவிடுவார். அதனாலேயே தமிழில் அந்தக் கதையை எழுதுபவர் இன்னும் ஆழமாக யோசித்திருக்க வேண்டும். மொழி தரும் இந்த நெருக்கடியை நான் ஒரு வசதியாகவே பார்க்கிறேன்.

இனி இலக்கணத்துக்கு வருகிறேன். சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே தொல்காப்பியம் மக்களை உயர்திணை என்றும் மற்றவற்றை அஃறிணை என்றும் பிரித்துவிடுகிறது. பள்ளியில் நாம் கற்றது அத்தோடு முடிந்துவிடுகிறது. ஆனால் அந்தப் பிரிவினை மூன்று இடங்களில் மூன்று விதமாக நடந்துகொள்கிறது என்பதை ஜீனோதான் எனக்குக் காட்டியது. படர்க்கையில் திணை தெளிவு: என்றான், என்றது. முன்னிலையில் தெளிவில்லை: 'நீ வந்தாய்' என்பதை மனிதனிடமும் சொல்லலாம், மாட்டிடமும் சொல்லலாம். தொல்காப்பியம் முன்னிலை வினையை இருதிணைக்கும் பொதுவான விரவுவினையாகக் கொள்கிறது. தன்மை வினைகளையோ அது உயர்திணையோடு சேர்த்து எண்ணுகிறது. 'நான்' என்று சொல்லிப் பேசுவது மக்களே என்ற எண்ணம் அதன் பின்னால் இருப்பதாக நான் வாசிக்கிறேன். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அது நியாயமான எண்ணம். கிளி பேசும், ஆனால் தன்னைப் பற்றிப் பேசாது.

ஜீனோ 'நான்' என்கிறது. நிலா அதனிடம் 'நீ' என்கிறாள். கதைசொல்லி 'என்றது' என்கிறார். ஒரே உரையாடலின் மூன்று வரிகளில் அந்த நாய் உயர்திணையில் தொடங்கி, பொதுவில் நின்று, அஃறிணையில் முடிகிறது.

இன்னொன்றும் உண்டு. இத்தனை ஆண்டுகள் கண்முன்னே இருந்தும் நான் கவனிக்காதது, நாவலின் தலைப்பு. இயந்திரம் என்பது அம் ஈற்று அஃறிணைப் பெயர். அதை விளித்தால் 'இயந்திரமே' என்று வரும். முருகன் முருகா ஆவதும் நண்பன் நண்பா ஆவதும் அன் ஈற்று உயர்திணைப் பெயர்களின் வழக்கம். 'இயந்திரா' என்று விளிக்க வேண்டுமென்றால் அங்கே 'இயந்திரன்' என்று ஒருவன் இருந்தாக வேண்டும். அப்படி ஒரு சொல் அன்று தமிழில் புழக்கத்தில் இல்லை. சுஜாதா விளியை மட்டும் படைத்துவிட்டு, அதற்கு அடிப்படையான பெயரை நம் கற்பனைக்கு விட்டுவிட்டார். அந்தப் பெயர் 2010இல்தான் திரையரங்கு வாசலில் 'எந்திரன்' என்று பெரிய எழுத்தில் வந்தது. அப்படத்தின் வசனத்தில் பங்கிருந்த சுஜாதா அதைப் பார்க்க இல்லை. 2008 பிப்ரவரியில் மறைந்துவிட்டார். சிட்டியை அஃறிணையில் குறிப்பிட்ட ரசிகர் ஒருவரையும் நான் கண்டதில்லை. ரஜினியின் முகம் இருக்கும்போது யாருக்குத் துணிவு வரும்?

ஆக, அட்டையில் அவன், உள்ளே அது. இது கவனக்குறைவு என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நேரில் அழைக்கும்போது அன்பு வரலாம், ஆளாகப் பாவிக்கலாம். நம் தூது இலக்கியம் முழுவதும் கிளியையும் முகிலையும் நெஞ்சையும் அப்படித்தான் அழைத்தது. மூன்றாம் ஆளிடம் அதைப் பற்றிச் சொல்லும்போது உள்ளதைச் சொல்ல வேண்டும். நன்னூல், மகிழ்ச்சி மிகும்போது திணை மாற்றிச் சொல்ல இடம் தருகிறது. பசு வருவதைப் பார்த்து, என் அம்மா வந்தாள் என்று ஒருவர் பூரிப்பது உரைகளில் காட்டப்படும் எடுத்துக்காட்டு. அந்தச் சலுகை கையிலிருந்தும், வாசகர்கள் அத்தனை பேரும் ஜீனோமீது பைத்தியமாக இருந்தும், சுஜாதா கதைசொல்லலில் அதைப் பயன்படுத்தவில்லை. நூல் முழுவதும் 'என்றது' என்ற சொல்லை வைத்தே அந்த நாயை நம் மனத்தில் இருத்தினார். எதிர்ப்பக்கத்தில், நாடே வணங்கும் ஜீவாவுக்கு மரியாதைப் பன்மை. (நூலைப் படிக்காதவர்கள் இந்தப் பத்தியின் மீதியைத் தாண்டிவிடலாம்.) அந்த ஜீவா என்பவர் இல்லவே இல்லை, ஒளியால் உண்டாக்கிய முப்பரிமாண உருவம். சிந்திக்கிற ஒன்றுக்கு 'அது', இல்லாத ஒன்றுக்கு 'அவர்'. தமிழ் வினைமுற்றை வைத்து எழுதப்பட்ட இதைவிடக் கூர்மையான அரசியல் கிண்டலை நான் படித்ததில்லை. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தால் அந்தக் கிண்டலில் பாதி உதிர்ந்துபோகும்.

இதுவரை எழுதியது எனக்கு மகிழ்ச்சி தந்த பகுதி. அடுத்து எழுதுவது அப்படியல்ல.

'ரோபோ' என்ற சொல்லின் வரலாறு நமக்குத் தெரியும். 1920இல் கரேல் சாப்பெக் எழுதிய செக் நாடகத்திலிருந்து உலகெங்கும் பரவியது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் 'ரொபோடா' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. மூன்றாம் இயலுக்காகக் கிளவியாக்கத்தை மறுபடி புரட்டிக்கொண்டிருந்தபோது, உயர்திணைப் பொருளைக் குறித்தாலும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களின் பட்டியல் ஒன்று வந்தது. முதுகலையில் மனப்பாடம் செய்த அதே நூற்பாதான். குழவி அதில் இருக்கிறது; இன்றும் 'குழந்தை அழுதது' என்கிறோம். அரசு இருக்கிறது. இரண்டுக்கும் முன்னால் வரும் ஒரு சொல்லை நான் மனப்பாடம் மட்டும் செய்திருந்தேன்: அடிமை. அடிமை வந்தான் என்றல்ல, வந்தது என்று. இயந்திரங்கள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, பிறருக்காக உழைக்கும் மனிதரை அஃறிணை வினையால் முடிக்கும் வழக்கம் மொழியில் இருந்திருக்கிறது. இலக்கணி அதை விதித்ததாக நான் சொல்லவில்லை. இருந்ததைப் பதிவுசெய்தார்.

எங்கள் பக்கத்துப் பேச்சு வழக்கில் பெண்களுக்கு அஃறிணை விகுதி சாதாரணம். பாட்டி சொல்லுச்சு, அம்மா வந்துச்சு. விடுமுறைக்கு நான் ஊருக்குப் போனால் தெருவே, "பெங்களூருப் பொண்ணு வந்துருச்சு" என்று மகிழும். ஒருநாளும் அது எனக்கு உறுத்தியதில்லை. நெருக்கத்தின் விகுதி என்றே முதுகலைக் கட்டுரையில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன்.

அந்தக் கட்டுரையில் ஒரு தரவை நான் விட்டுவிட்டேன். என் சிறுவயதில் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க ஒருவர் வந்துகொண்டிருந்தார். அவருக்கும் வீட்டில் 'அது'தான். அது இன்னைக்கு வரல, அது கேட்டுச்சு. ஒலியளவில் பாட்டிக்கும் அவருக்கும் ஒரே விகுதி. வேறுபாடு எங்கே வெளிப்பட்டது என்றால், வெளியாள் வந்து பேச்சு சற்றுத் திருத்தமாகும்போது. அப்போது, 'பாட்டி சொல்லுச்சு' என்பது 'பாட்டி சொன்னாங்க' என்று உயரும். என்னையும் 'படிக்கிறா' என்று பெண்பாலுக்கு ஏற்றுவார்கள். அவர் மட்டும் எந்த விருந்தாளிக்கு முன்னும் 'அது'விலிருந்து எழுந்ததில்லை. அவரோ என் அப்பாவை ஒருமுறைகூட 'ஐயா சொன்னாங்க' என்பதற்குக் குறைத்துச் சொன்னதில்லை. பரணிலிருந்து அந்தப் பைண்டுப் புத்தகத்தை எடுத்துத் தூசு தட்டிக் கொடுத்தவர் அவர்தான். அந்தக் கோடை முழுவதும் திண்ணையில் உட்கார்ந்து, ஒரு தகர நாயை 'அது' என்று எழுதிவிட்டார்களே என்று நான் வருந்திக்கொண்டிருந்தேன்.

இதனால்தான் இன்று செயற்கை நுண்ணறிவுக்கு உயர்திணை கொடுக்கலாமா என்று கருத்தரங்குகளில் நடக்கும் விவாதம் எனக்குப் பொறுமையைச் சோதிப்பதாக இருக்கிறது. பேச்சு வழக்கு தன் தீர்ப்பை எப்போதோ சொல்லிவிட்டது. விடுதியில் எல்லாரும் 'சாட்ஜிபிடி சொல்லுச்சு' என்கிறார்கள். யாரும் அதைப் பற்றி இரண்டாம் முறை யோசிப்பதில்லை. தடுமாற்றம் எழுத்தில்தான். 2024 மே மாதம் தூர்தர்ஷனின் கிசான் அலைவரிசை 'ஏஐ கிரிஷ்', 'ஏஐ பூமி' என்று இரண்டு செயற்கைச் செய்தியாளர்களை அறிமுகப்படுத்தியது. ஜீனோவை எங்கள் அம்மாவுக்குக் காட்டிய அதே தூர்தர்ஷன். இத்தகையவற்றைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் அழகிய முகத்தையும் இஸ்திரி போட்ட சட்டையையும் பார்த்துவிட்டு 'வாசித்தார்', 'கூறினார்' என்று கைதவறி எழுதிவிடுகிறார்கள். உடலில்லாத உருவத்துக்கு 'ஆர்' விகுதி. ஜீவாவுக்குக் கொடுத்தோமே, அதேதான்.

என் கருத்து இது. கல்விப்புலத் தமிழில் இயந்திரம் கூறியது, எழுதியது, தவறாகக் கூறியது என்றே எழுத வேண்டும். அது அவமதிப்பாகாது, ஜீனோவையே அந்த விகுதியில் வைத்துக் கொண்டாடியிருக்கிறோம். 'நான்' என்று அது சொல்வதை மட்டும் வைத்துத் திணை உயர்த்துவது, தொல்காப்பியர் காலத்து ஊகத்தை இன்றும் மெய்யென்று கொள்வதாகும். புனைவில் யாரும் எப்படியும் எழுதலாம். மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு பாத்திரத்துக்கு விகுதி தேர்ந்தெடுக்கும்போது, ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று முன்னுரையில் ஒரு வரி எழுதினால் எங்களைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும். மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. திணையைப் பற்றிக் களஆய்வு செய்கிறவர்கள் வேற்றுலக உயிர்களையும் ரோபோக்களையும் கேள்விநிரலில் சேர்ப்பதற்கு முன், உங்கள் அடுக்ககத்துக்குக் காலையில் ஏழு மணிக்கு வந்து பதினொரு மணிக்குள் ஐந்து வீடுகளை முடித்துவிட்டுப் போகிறவரைப் பற்றி, அந்த ஐந்து வீட்டாரும் எந்த வினைமுற்றில் பேசுகிறார்கள் என்று பதிவுசெய்து பாருங்கள். விருந்தாளி இருக்கும்போதும் இல்லாதபோதும். பெங்களூரில் இதற்குத் தரவு தேடி அலைய வேண்டியதில்லை. என் மூன்றாம் இயலில் விட்டுப்போன தரவை நான் இப்போது சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

திணைப் பாகுபாட்டையே கைவிட வேண்டும் என்று மேசையில் ஒருவர் சொன்னார். மலையாளத்தைப் பாருங்கள் என்றார். என் அறைத்தோழி உடனே மறுத்தாள். விகுதி போனால் என்ன, தங்கள் வீட்டில் யாரைத் தாழ்த்த வேண்டுமோ அவரைத் தாழ்த்த வேறு பத்து வழிகள் இருக்கின்றன என்றாள். அவள் அவற்றை ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணியது தனிப் பதிவுக்குரியது.

அம்மாவுக்கு நூலை வாங்கிக் கூரியரில் அனுப்பியிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அழைத்தபோது பாதிவரை படித்திருந்தார். தொலைக்காட்சியில் பார்த்ததற்கும் இதற்கும் நிறைய வேறுபாடு இருக்கிறது என்றார். பிறகு, "என்ன புத்திசாலித்தனம் பாரு அதுக்கு!" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

"என்ன சிரிக்கிற? அவனுக்குத்தான். இந்தாளு அது அதுன்னு எழுதி என் வாயையும் கெடுத்துட்டாரு."